ஒன்பது வினாடி நண்டு

அலைபேசியில் ‘ஜெசிந்தா அக்கா’ என்று வந்தது. காலை நேரம். நான் கணினியில் ஒரு நண்டின் வலது கொடுக்கைச் சற்று மெதுவாகத் திறக்க வைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவர் சொன்ன திருத்தம் அது. எடுத்தால் இன்னொரு திருத்தம் வரும். அடிக்கட்டும் என்று விட்டேன். மறுபடி அடித்தது.

“அக்கா, இன்னும் முடியல. கொஞ்ச நேரம் தாங்க.”

“மக்கா, நான் கிளீட்டஸ்.” அவருடைய தம்பி. “அக்கா போயிட்டா.”

எங்கே என்று கேட்டேன். யாரிடமும் சொல்லாமல் படுக்கையிலிருந்து எழுந்து, ஆட்டோ பிடித்து, அலுவலகத்துக்கு வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. செய்யக்கூடியவர். கிளீட்டஸ் அண்ணன் மறுபடி அதையே சொன்னார். பிறகுதான் புரிந்தது.

திரையில் கொடுக்கு பாதி திறந்து நின்றது.

இதைப் படிக்கும் பெரும்பாலோர் அவரை அறிந்தவர்கள். அவரிடம் திட்டு வாங்கியவர்கள். ஆகவே அவர் அன்பே உருவானவர் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அறியாத சிலருக்காக மட்டும் சொல்கிறேன். கடியப்பட்டணத்தில் பிறந்த ஜெசிந்தா, நாகர்கோவில் வடசேரியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் ‘நண்டுவளை’ என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். பொம்மை நாடகம், கதை, காகிதம் மடிப்பது, கரையில் ஒதுங்கும் சிப்பிகளுக்குப் பெயர் சொல்வது. உள்ளூர் கேபிளில் தினமும் மாலை அரை மணி நேரம். பள்ளிவிட்டு வந்து அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

கடைசி நான்கு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தேன். படத்தொகுப்பு, வரைகலை. பெயர் அப்படி. உண்மையில் எனக்கு இருந்தது ஒரே வேலைதான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் நிறுவனத்தின் பெயரோடு திரையில் ஒரு நண்டு வரும். ஊரில் எல்லோரும் அதை லோகோ என்பார்கள். அக்கா ‘நண்டு’ என்று மட்டும் சொல்வார். அந்த நண்டை மாற்றுவதும், மாற்றியதைத் திரும்ப மாற்றுவதும்தான் என் வேலை.

ஆகவே இதுவும் நண்டைப் பற்றித்தான் இருக்கும். அவரைப் பற்றி வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

*

முதல் நண்டு உயிருள்ளது.

எனக்கு இதைச் சொன்னவர் ஒளிப்பதிவாளர் குமாரதாஸ் அண்ணன். தொடக்கத்திலிருந்து கூடவே இருந்தவர். தோவாளைக்காரர். கடலைக் கண்டால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளும் ஆள். கிளீட்டஸ் அண்ணன் கடற்கரையில் பிடித்து, வாளியில் போட்டு, ஈரச்சாக்கால் மூடி, பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறார். பாதி நண்டுகள் வழியிலேயே இறங்கிவிட்டன. நடத்துநர் மீதியை வடசேரியில் தந்துவிட்டு, இனிமேல் இதற்கெல்லாம் எங்கள் பஸ் கிடையாது என்று சொல்லிப் போனாராம்.

கீழே கடையிலிருந்து ஒரு பெரிய பித்தளைச் சருவத்தை எடுத்துவந்தார்கள். அதில் ஈரமணல். மணலில் விரலால் ஒரு வளை. பக்கத்தில் ஒரு விளக்கு. நண்டு வெளியே வந்தது. நின்றது. கேமராவைப் பார்த்தது. சடாரென்று திரும்பி உள்ளே போனது. ஒன்பது வினாடி.

இன்னொரு தடவை எடுக்கலாம் என்றாராம் குமாரதாஸ் அண்ணன்.

“என்னத்துக்கு? எட்டிப் பாத்துட்டுப் போகுது. பிள்ளையளும் அப்படித்தானே வரும். எடுத்தது போதும்.”

நண்டு உள்ளே போனதும் மணல்மேல் எழுத்துகள் வரும். எனக்கு அந்த நண்டு நன்றாக நினைவிருக்கிறது. அது வெளியே நிற்கும் நேரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டோம். பேசினால் அது போய்விடும் என்று என் அண்ணன் சொல்லியிருந்தான். பேசாமல் இருந்தாலும் போய்விடும். அப்போது அண்ணன் என்னை அடிப்பான்.

*

ஒன்பது வினாடி ஏன் என்று யார் கேட்டாலும் அக்கா வாயால் பதில் சொல்லமாட்டார். செய்து காட்டுவார்.

அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அடுக்களை. கட்டஞ்சாயா போடுவதற்கு ஒரு அடுப்பு, இரண்டு டம்ளர். தொலைக்காட்சிப் பெட்டி முன்னறையில். புதிய நண்டு எதைச் செய்தாலும் அக்கா அடுக்களைக்குப் போய் நின்றுகொள்வார். அங்கிருந்து, “போடு மக்கா” என்பார். நான் போடுவேன். இசை கேட்டதும் அவர் நடக்கத் தொடங்குவார். நடு அறை, வாசல்படி, மேசையைச் சுற்றி, முன்னறை. அவர் வந்து நிற்கும்போது திரையில் நண்டு இருக்க வேண்டும். பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் தோல்வி.

“பாத்தியா? எனக்கு ஒண்ணும் தெரியல. யாரு படம் இது?”

“நீங்க நடந்து வாறீங்க, அக்கா. பிள்ளைங்க ஓடிவரும்லா?”

“எல்லாப் பிள்ளையும் ஓடுமா?”

அவர் வேண்டுமென்றே மெதுவாக நடக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் அவர் வரும் வழியில் குடையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதையும் சொன்னேன்.

“பிள்ளைக்கு வழியில வேலை இருக்காதா?” என்றார்.

சண்டையில் அவரை வென்றவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள்.

*

இரண்டாவது நண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதை மறக்க அக்கா அவ்வளவு முயன்றார்.

கணினி வந்த காலம். எல்லாச் சேனலிலும் பெயர்கள் பொன்னிறத்தில் சுழன்றுகொண்டிருந்தன. நாமும் பின்தங்கக்கூடாது என்று திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் செய்யக் கொடுத்தார்கள். சூரியன் உதிக்கும். தங்க எழுத்துகள் சுழன்று வரும். அவற்றின் நடுவே சிவப்பு நண்டு ஒன்று, கண்ணிமை மயிரோடு, கம்பீரமாக நடந்து வரும். நம்மைப் பார்த்து. நேராக.

நண்டு நேராக நடந்தது.

செய்தவருக்குத் தெரியவில்லை. குமாரதாஸ் அண்ணனுக்குத் தெரியவில்லை. கடியப்பட்டணத்தில் பிறந்து வளர்ந்த அக்கா அதை அடுக்களையிலிருந்து நடந்து நடந்து பார்த்தார், நேரம் சரியாக இருக்கிறதா என்று. வேறு எதையும் பார்க்கவில்லை. ஒளிபரப்பான முதல் மாலையே தொலைபேசி நிற்கவில்லையாம். குளச்சலிலிருந்து ஒரு பையன். முட்டத்திலிருந்து ஒரு சிறுமி. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி.

“அக்கா, உங்க நண்டுக்கு என்ன செய்யுது?”

கடியப்பட்டணத்திலிருந்து யாரும் அழைக்கவில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நேரிலேயே கேட்டுவிட்டார்கள். சிலர் நடந்தும் காட்டியிருக்கிறார்கள்.

யாராக இருந்தாலும் சத்தமில்லாமல் திருத்தியிருப்பார்கள். அக்கா நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டார். அதாவது, அவர் கேட்கவில்லை. அவர் ஒருபோதும் திரையில் வந்ததில்லை. பிள்ளைகள் முன்னால் நம்ம மூஞ்சி எதுக்கு என்பார். பொம்மை நாடகத்தில் வரும் தாடிக்கார மாமா பொம்மை அவர் குரலில் கேட்டது. “மக்களே, நண்டை நாங்க தப்பா நடத்திட்டோம். ஒழுங்கா எப்படி நடக்கும்னு நீங்க வரைஞ்சு அனுப்புங்க.”

வந்தன. சாக்குச் சாக்காக.

*

அதோடு லோகோ என்ற ஒன்று இல்லாமல் போனது.

பல்கலைக்கழகத்தில் எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது, ஒரு சின்னத்தின் உயிர் திரும்பத் திரும்ப ஒன்றே வருவதில் இருக்கிறது என்பது. அக்கா வாரம் ஒரு பிள்ளை வரைந்த நண்டைப் போட்டார். ஒரு வாரம் நீல நண்டு. ஒரு வாரம் கால்கள் ஒரே பக்கம். ஒரு வாரம் மீசை. ஒரு வாரம் நண்டே இல்லை, வளை மட்டும். கீழே குழந்தையின் கையெழுத்தில் ‘உள்ளே இருக்கு’ என்று எழுதியிருந்தது. ஆண்டுக்கணக்கில் இது ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

சேர்ந்த மாதமே அவரிடம் சொன்னேன். இது லோகோ இல்லை. மாறிக்கொண்டே இருந்தால் யார் நிகழ்ச்சி என்று எப்படித் தெரியும்.

“ஏட்டி, கடப்புறத்துல நண்டு எல்லாம் ஒண்ணு போலயா இருக்கு? எல்லாம் நண்டுன்னு உனக்குத் தெரியுதுல்லா?”

ஆனால் அன்று ஏதோ மனநிலையில் இருந்தார். சரி, நீ ஒன்று செய் என்றார்.

செய்தேன். ஒரு மாதம். இன்றும் அது நல்ல வடிவமைப்பு என்றுதான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் நீக்கினேன். கால்கள் இல்லை, கண்கள் இல்லை, மணல் இல்லை. வெள்ளைப் பின்னணியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளைவு. ஒரு கொடுக்கின் சாரம். பக்கத்தில் சிறிய எழுத்தில் பெயர்.

அக்கா அடுக்களையிலிருந்து நடந்து வந்தார். நின்றார். நெடுநேரம் பார்த்தார்.

“கொள்ளாம்,” என்றார். நான் மூச்சு விட்டேன். “காது நல்லா வரைஞ்சிருக்க.”

“காது இல்ல, அக்கா. கொடுக்கு.”

“அண்ணா, இது என்னது?” என்று அக்கா திரும்பிக் கேட்டார்.

குமாரதாஸ் அண்ணன் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “அண்டிப்பருப்பு.”

முந்திரிப்பருப்பை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முந்திரி ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளைவைப் போட்டது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்கா அதை நிராகரித்திருக்கலாம். நிராகரிக்கவில்லை. ஒளிபரப்பினார். ஒரு மாதம் நாங்கள் அண்டிப்பருப்புக் கம்பெனியாக இருந்தோம். ஒரு பெண்மணி அழைத்து, உடைத்த பருப்பு கிடைக்குமா என்று கேட்டார்.

“பிறகு ஏன் போட்டீங்க?” என்று பொறுக்காமல் கேட்டேன்.

“நீ ஒரு மாசம் ராத்திரி பகல் பாக்காம இருந்தல்லா. அதை எப்படி வேண்டாம்னு சொல்லுகது.”

அவருடைய நல்ல குணங்கள் எல்லாமே இப்படித்தான். நமக்கு ஒரு பயனும் இருக்காது.

*

சென்ற ஆண்டு கேபிள்காரர்கள் மாலை அரை மணி நேரத்தை எடுத்துவிட்டார்கள். ஏதோ நகைக்கடை விளம்பரம். எங்கள் நிகழ்ச்சிகளுக்கு இடமில்லாமல் போனது. பழைய நிகழ்ச்சிகள் அனைத்தும் ஒரு இரும்பு அலமாரியில் ஹார்ட் டிஸ்குகளில் இருந்தன. சில ஏற்கெனவே திறக்க மறுத்தன. மீதியும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தன.

அப்போது சென்னையிலிருந்து ஒரு செயலி நிறுவனம் கேட்டது. பிள்ளைகளுக்கான செயலி. எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பாதுகாத்து, உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கும்படி போடுவார்கள். துபாயில் இருக்கும் நம் பிள்ளைகள் பார்க்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் வரும் லோகோ இரண்டு வினாடிக்கு மேல் இருக்கக்கூடாது. எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே லோகோ. அதற்கு மேல் இருந்தால் பிள்ளைகள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றார்கள். செய்து கொடுத்தால் எடுப்பார்கள். இல்லையென்றால் இல்லை.

இதைவிட எளிதான முடிவு ஒருவருக்கு வாழ்க்கையில் வராது. ஏழு வினாடியை வெட்டினால் அத்தனை ஆண்டுகளின் வேலை பிழைக்கும்.

“ரெண்டு வினாடியில நண்டு வெளிய வராது,” என்றார் அக்கா.

*

வரவைக்கலாம் என்று வட்டக்கோட்டைக்குப் போனோம்.

அது அக்காவின் யோசனை. உண்மையான நண்டு, உண்மையான கரை, உண்மையான இரண்டு வினாடி. கோட்டைக்குக் கீழே கறுப்பு மணலில் வளைகள் நிறைய உண்டு. குமாரதாஸ் அண்ணன் ஒரு கையில் செருப்பும் மறுகையில் கேமரா முக்காலியுமாக வந்தார். ஒரு வளைக்கு முன்னால் கேமராவை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். நண்டுக்கு நாம் அசைந்தால் தெரிந்துவிடும். அசையாமல் இருக்க வேண்டும். அக்காவால் அசையாமல் இருக்க முடியாது. எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்க்காதீர்கள் என்று அண்ணன் சொல்வார். சற்று நேரம் கழித்து மறுபடி எட்டிப் பார்ப்பார்.

கோட்டை பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்களைச் சுற்றி நின்றது. மதுரைப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது.

“என்ன ஷூட்டிங்குங்க? ஹீரோ யாரு?” என்றார் அந்தக் குடும்பத்து அப்பா.

“உள்ள இருக்காரு,” என்றார் அக்கா. “கூப்பிட்டா வரமாட்டேங்காரு.”

அந்த அப்பா மேலே நின்ற எங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். “கேரவனா?”

“ஆமா. வாடகை இல்லாத வண்டி.”

வெயில் ஏறியது. நண்டு வந்ததா என்றால், வந்தது. நாங்கள் எல்லாவற்றையும் மூட்டைகட்டி மேலேறிய பிறகு வந்தது. மேலேயிருந்து பார்த்தோம். வளை வளையாக நண்டுகள் வெளியே வந்து கரை முழுக்க நடமாடின. குமாரதாஸ் அண்ணன் முக்காலியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நான் அவரிடம் கேட்ட ஒரே கெட்ட வார்த்தை அதுதான். அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். கார் வரைக்கும் சிரித்தார். அவருக்கு மூச்சு வாங்குவதை அன்று முதல்முறையாகக் கவனித்தேன். படி ஏறியதால் என்று நினைத்தேன்.

*

பிறகு வரைந்த நண்டுக்குத் திரும்பினோம். இரண்டு வினாடி. நான் செய்துகொண்டே இருந்தேன். அவர் அடுக்களையிலிருந்து நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அவர் நடு அறையைத் தாண்டுவதற்குள் நண்டு முடிந்துவிடும்.

செயலிக்காரர்களின் ஆள் ஓர் இளைஞர். மிகவும் பொறுமையானவர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் வேண்டும் என்றார். நான் இருக்கும்போதே அக்கா கணினித் திரையில் அவரைப் பார்த்துச் சொன்னார்: “தாறேன் மக்கா. இந்த வாரம் உறுதியா தாறேன்.” திரையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீ ஒண்ணும் வெட்டாண்டாம்.”

“அவர்கிட்ட தாறேன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“என்கிட்ட வெட்டாதேங்கிறீங்க.”

“ஆமா.”

“ரெண்டுல எது?”

“இப்பம் சாயா போடு.”

அந்த வாரமே நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் விரலைத் தூக்கினார். ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

“வலது கொடுக்கு கொஞ்சம் பைய திறக்கட்டும்.”

இரண்டு வினாடியில். பைய.

சரியென்றோ வேண்டாமென்றோ சொல்லாமல் அவர் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

*

கடியப்பட்டணம் கோயில் முன்னால் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். ஆளுயரத்துக்குப் புகைப்படம். ஏதோ கல்யாண வீட்டில் எடுத்தது, அவர் வெறுத்த படம். அவர் தலைக்கு மேலே, பேனர் அடித்தவர் இணையத்தில் தேடி எடுத்துப் போட்டிருந்த எங்கள் லோகோ. தங்க எழுத்து. கண்ணிமை மயிர். நேராக நடக்கும் நண்டு.

குமாரதாஸ் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் தோள் குலுங்கியது அழுகையால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த சில நாள் கழித்து கிளீட்டஸ் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். கையில் அந்தப் பேனர் படம். செயலி விஷயம் அவருக்கும் தெரியும். இனி நிறுவனத்துக்கு அவர்தான் பொறுப்பு. அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் போகாது.

“மக்கா, அந்த ரெண்டு வினாடியில அக்காவுக்க படம் வரணும்.”

“நண்டு?”

“நண்டு பக்கத்துல நிக்கட்டும். நடுவுல அக்கா. ஒரு மாலை. கீழ ஒரு மெழுகுதிரி. ஊர்ல எல்லாரும் சொல்லுகாங்க.”

“அண்ணே, பிள்ளைங்க பாக்குறது. தினமும் கதைக்கு முன்னால மாலை போட்ட படமா?”

“செத்தவளை மறந்துரச் சொல்லுகியா?”

“அவங்க ஒருநாளும் திரையில வந்ததே இல்ல.”

“அதனாலதான் கேக்கேன்.” படத்தை என் பக்கம் திருப்பினார். “இத்தனை வருஷம் யாருக்கும் அவ மூஞ்சி தெரியாது. பேரு நண்டுக்கு. உழைப்பு அவளுக்கு. படம் இல்லேன்னா நான் கையெழுத்து போடமாட்டேன், கேட்டியா.”

போய்விட்டார். படத்தை மேசைமேல் வைத்துவிட்டு.

நான் உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருந்தபோது ஏழு வினாடிக்காக என்னை வதைத்தவர், இப்போது மீதமுள்ள இரண்டையும் தம்பியை அனுப்பி எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று தோன்றியது. கோபத்தில் முதல் நண்டின் மூலப் பதிவை எடுத்தேன். சருவத்து நண்டு. எல்லா நண்டுகளையும் தள்ளிவிட்டு இதிலேயே இரண்டு வினாடியை வெட்டிக் கொடுத்துவிடலாம். அவர் பிடிவாதம் தொடங்கிய இடத்திலேயே அதை முடிக்கலாம்.

வெளியே வரும் இரண்டு வினாடியை எடுத்தேன். சரியாக இல்லை. பாதி உடல்தான் வந்திருந்தது. அவர் சொன்னதுதான் சரி. நடுவில் நிற்கும் இரண்டு வினாடி, பொம்மை மாதிரி இருந்தது. கடைசி இரண்டு வினாடி மிச்சம். நண்டு திரும்பி உள்ளே ஓடும் இடம். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நாங்கள் யாரும் முழுப் படத்தையும் பார்த்ததில்லை. இப்போது கணினியில் ஓரம்வரை தெரிந்தது. மணலின் மேல்மூலையில் ஒரு நிழல் நுழைகிறது. நுழைந்த கணம் நண்டு பாய்ந்து ஓடுகிறது.

குமாரதாஸ் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“வேற யாரு,” என்றார். “விளக்குக்கு முன்ன வராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எட்டிப் பாத்தா. நண்டு உள்ள போச்சு. பொறவு அன்னைக்கு முழுக்க வெளிய வரல. பொறவு என்ன, எடுத்தது போதும்னு எனக்கே சொல்லிட்டா.”

“இத்தனை நாள் சொல்லலையே?”

“சொன்னா நம்மகிட்ட சண்டைக்கு வருவாளே.”

கிளீட்டஸ் அண்ணனை வரச்சொன்னேன். அவர் சட்டையில் மீன் வாசத்தோடு நேராக ஏலக்கூடத்திலிருந்து வந்தார். கடைசி இரண்டு வினாடியைப் போட்டேன். மறுபடி போட்டேன். அவர் திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

“இது…” என்றார். விரலைத் திரையில் வைத்தார். “மூக்குக்கண்ணாடிய தலையில ஏத்தி வச்சிருக்கா.”

நிழலில் அது தெரிந்தது. கொண்டைக்கு முன்னால் ஒரு சிறு மேடு. நான் கவனித்திருக்கவில்லை.

“இன்னொரு தரம் போடு.”

போட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் போட்டுக்கொண்டே இருந்தேன். நிழல் விழுகிறது. நண்டு ஓடுகிறது. மணலில் பெயர் வருகிறது.

“என் நண்டுல்லா அது,” என்றார் குமாரதாஸ் அண்ணனிடம். “நான் பிடிச்சு அனுப்பினது. அதைப் போட்டு விரட்டியிருக்கா பாரு.”

பிறகு மேசைமேல் இருந்த பேனர் படத்தை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார்.

செயலிக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மூலையில் ஏதோ இருட்டாக இருக்கிறது, ஒளியைக் கூட்டிச் சரிசெய்ய முடியுமா என்று அந்தப் பொறுமையான இளைஞர் கேட்டார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். இப்போது சாயா குடிக்கப் போகிறேன் என்று சொல்லித் திரையை மூடினேன்.

நிகழ்ச்சிகள் எல்லாம் இப்போது அங்கே இருக்கின்றன. பாருங்கள். சீக்கிரம் பாருங்கள், இரண்டு வினாடிதான். அடுக்களையில் இருந்தால் உங்களுக்குக் கிடைக்காது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த எரிச்சல். எதையும் இன்னும் கொஞ்சம் சுருக்கித் தா என்று கேட்பவர்களைக் கண்டால் வருவது. முன்பெல்லாம் அது முழுக்க அவர்மேல்தான் இருந்தது.